சூடம் அணைந்த பிறகு

செத்துப்போனால்தான் இந்த ஊரில் ஒரு மனுஷனுக்கு நல்ல போட்டோ கிடைக்கும். மகேஷுக்கும் கிடைத்தது. நொச்சிக்குப்பம் ஹவுசிங் போர்டு வாசலில் பத்துக்கு எட்டு ஃபிளெக்ஸ். உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் போடாத கோட்டையும் கூலிங்கிளாஸையும் மாட்டிக்கொண்டு, பின்னால் இரண்டு சிங்கங்கள் நிற்க, சிரித்துக்கொண்டிருந்தான். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அதற்குக் கீழே மஞ்சள் எழுத்தில் ‘பாசத்தின் சிகரமே!’

அந்தச் சிகரம் பெற்ற பிள்ளைகள் இரண்டையும் நாலு வருஷமாக நான்தான் ஆட்டோவில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறேன். என் பெயர் தௌஃபீக். குப்பத்தில் யாருக்கும் அந்தப் பெயர் தேவைப்பட்டதில்லை, ‘பாய்’ போதும். பெரியவள் தாரணிக்குப் பன்னிரண்டு வயசு. சின்னவன் கீர்த்திவாசனுக்கு ஏழு. அப்பன் இருந்தவரைக்கும் இரண்டு பேருக்கும் முழங்காலுக்குக் கீழே நீளநீளமாக வரி தடித்திருக்கும். சாக்ஸை இழுத்துவிட்டு மறைப்பார்கள். கண்ணாடியில் எனக்குத் தெரியும். ஒரு நாள், “இன்னா கண்ணு இது?” என்று கேட்டேன். “கொசு, பாய் மாமா” என்றாள் தாரணி. அவ்வளவு நீளக் கொசு மெட்ராஸில் கிடையாது. தெரிந்தும் மேலே கேட்கவில்லை. அடுத்தவன் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைத்தால் மாச சவாரி போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அந்த லட்சணத்தில்தான் நானும் இருந்தேன்.

மகேஷ் கெட்டிக்கார மீன்பிடிக்காரன், அதில் சந்தேகமில்லை. ஃபைபர் போட்டில் போனால் வெறும் வலையோடு திரும்ப மாட்டான். கரை ஏறியதும் குடிப்பான். குடித்ததும் வாசற்படிக்கு மேலே ஆணியில் தொங்குகிற திருக்கை வாலைக் கழற்றுவான். குப்பத்தில் நிறைய வீடுகளில் அது தொங்கும். திருக்கை மீனின் வாலைக் காயவைத்தது, ஒரு கையைவிட நீளம், அரம் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அது இருந்தால் பேய் பிசாசு வீட்டை அண்டாது என்பார்கள். இவன் வீட்டில் அதைப் பிடித்து வீசியதே பேய்தான். பட்ட இடத்தில் தோல் உரிந்துகொண்டு வரும். அவன் பெண்டாட்டி அன்புக்கரசி லூப் ரோட்டில் குனிந்து மீன் கூடையை இறக்கும்போது ரவிக்கைக்கு மேலே கழுத்தடியில் பார்த்திருக்கிறேன். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

போன வருஷம் இதே மே மாசத்தில் ஒரு சாயங்காலம், வாலை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடி வராண்டாவில் தாரணியைத் துரத்தினான். வராண்டாக் கோடியில் கைப்பிடிச் சுவர் ஓர் ஆள் அகலத்துக்கு உடைந்து கிடந்தது. யாரோ கயிறு கட்டி பீரோ ஏற்றியபோது இடித்து விழுந்த இடம், கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வழியாகக் கீழே விழுந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேலையே இருக்கவில்லை. போதையில் தவறி விழுந்தான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது, ஊரும் அப்படியே பேசிக்கொண்டது.

இன்று அவனுடைய வருஷ நினைவு நாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே கத்திரி வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்புக்கரசி பிள்ளைகளோடும் இரண்டு தூக்குச் சட்டியோடும் வந்து ஏறினாள். நாலு மணிக்கு எழுந்து சமைத்திருக்கிறாள். சுறாப்புட்டு வாசனை ஆட்டோவை நிறைத்தது. லாஞ்சுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். ஒரு சுறாவுக்காக நேற்று காசிமேடு வரைக்கும் அலைந்தாளாம். அடித்தவனுக்கு இத்தனை வக்கணையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

“அவருக்கா செய்றேன்? அவங்க அக்கா வாய்க்கு பயந்து செய்றேன் பாய்” என்றாள். “இன்னிக்கு நீங்க வெளிய வண்டியாண்ட நின்னுகினு இருக்காதீங்க. கொஞ்சம் உள்ள வாங்க.”

“நான் எதுக்குமா? உங்க வூட்டு காரியம்.”

“அண்ணி சத்தியம் கேக்கப் போறாங்க. சமாதியில சூடம் ஏத்தி வெப்பாங்களாம். தாரணி அத உள்ளங்கையால அடிச்சி அணைச்சி, நைனாவ நான் தள்ளி வுடலன்னு சொல்லணுமாம்.”

மகேஷின் அக்கா முத்துலட்சுமி வருஷம் முழுக்க மார்க்கெட்டில் அதையே சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும். அலையில் ஆடுகிற போட்டில் முழு பாட்டில் குடித்துவிட்டு ஒற்றைக்காலில் நிற்பவன் சிமெண்டுத் தரையில் எப்படித் தவறுவான், அந்தக் குட்டிதான் தள்ளியிருக்கிறது என்று மீன் வெட்டிக்கொண்டே சொல்வாள். வாங்க வந்தவர்கள் மீனை வாங்கிக்கொண்டு அதையும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

“சின்னப் புள்ளமா அது. முடியாதுன்னு சொல்ல வேண்டிதான?”

“சொன்னேன். சத்தியம் பண்ணலன்னா தள்ளி வுட்டது மெய்தான்னு ஊர்ப் பஞ்சாயத்துல வெப்பாங்களாம். அப்பால ஸ்டேஷனாம். அப்பன கொன்ன பொண்ணுன்னு பேரு எடுத்துகினு இது இந்தக் குப்பத்துல எப்டி பாய் வாயும்? யாரு வூட்டு வாசப்படி ஏறும்?”

கண்ணாடியில் தாரணியைப் பார்த்தேன். பாவாடையில் உள்ளங்கையைத் தேய்த்தபடி இருந்தாள். கச்சேரி ரோடு திரும்பும்போது கேட்டாள்.

“பாய் மாமா, சத்தியம் பண்ணும்போது எல்லாத்தயும் சொல்லணுமா? கேட்டத மட்டும் சொன்னா போதுமா?”

“கேட்டத மட்டும் சொல்லு கண்ணு” என்றேன். அன்புக்கரசி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மெட்ரோவுக்குப் போட்ட தகரத் தடுப்பைத் தவிர ஒன்றுமில்லை.

கீர்த்தி மடியில் பள்ளிக்கூடப் பையை அணைத்துக்கொண்டிருந்தான்.

“லீவுல எதுக்குடா பேகு?” என்று கேட்டேன்.

“நைனாவுக்கு. அவருக்கு புடிச்சது எதுனா எடுத்துகினு வான்னு அத்த சொன்னாங்க. அங்கதான் தொறப்பேன்.”

“எதுனா படம் வரைஞ்சி வெச்சிருப்பான்” என்றாள் அன்புக்கரசி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுடுகாட்டு வாசலில் பிள்ளையார் கோயில், பக்கத்தில் ஒரு டீக்கடை, அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற நாலு பேர். உள்ளே போனால் ஒரு பக்கம் எரிக்கிற கொட்டகை, மறுபக்கம் புதைக்கிற இடம். வசதியுள்ளவர்கள் டைல்ஸ் ஒட்டி போட்டோ பதித்திருந்தார்கள். வசதியில்லாதவர்களின் மண்மேட்டில் செங்கல்லோ கள்ளிச் செடியோ அடையாளம். இரண்டுமில்லாதவர்களின் மேல் அடுத்தவன் படுத்துவிட்டான். எங்கள் கபரஸ்தானிலும் இதே கதைதான். என் அப்பாவின் கபர் எது என்று எனக்கு இப்போது தெரியாது. பெருநாள் தொழுகை முடிந்து போய், வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் குத்துமதிப்பாக நின்று ஃபாத்திஹா ஓதிவிட்டு வருவேன். ஒரு தரம் கூட வந்த என் மகள் ஜோயா, “நீ யாரோ ஒருத்தருக்கு ஓதிட்டு வரே” என்று சிரித்தாள். யாரோ ஒருத்தருக்குப் போய்ச் சேர்ந்தாலும் நல்லதுதானே என்றேன். ஆனால் அப்பா என்னை அடித்ததில்லை. அதனால் எனக்கு அது சுலபமாக இருந்தது.

இரண்டு மேடு தள்ளி, ஏகாம்பரம் என்கிற வெட்டியான் மத்தியானம் வரப்போகிற யாருக்கோ குழி தோண்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியில் வந்த ஒரு எலும்பைத் துடைத்து ஓரமாக வைத்தார். கீர்த்தி நின்று பார்த்தான்.

“இது யாரோடது தாத்தா?”

“தெரியாது நைனா. இவரு வந்து ரொம்ப நாளாச்சி. தேடிகினு யாரும் வர்றதில்ல.”

“எங்க நைனாவ தேடிகினு நாங்க வந்துட்டோம்” என்றான் பெருமையாக.

முத்துலட்சுமி முன்னாடியே வந்திருந்தாள். அகலமான பெண்பிள்ளை. மீன் அரிந்து அரிந்து முன்கை இரண்டும் ஆம்பிளைக் கை மாதிரி இருக்கும். மேட்டைக் கூட்டி, மஞ்சள் தண்ணி தெளித்து, சாமந்திப் பூவைப் பிய்த்துத் தூவியிருந்தாள். அவள் புருஷன் சண்முகவேல் பிரியாணிப் பொட்டலத்தையும் குவாட்டர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அவள் மேட்டோடு பேசிக்கொண்டிருந்தாள். “வெயில் கொளுத்துதுடா மகேசு. ஒரு பந்தல் போடலாம்னா மாமன் துப்பு கெட்டவன். குந்து, குந்து, சோறு வந்துகினே கீது.” ஒரு சிகரெட்டைத் தன் வாயில் வைத்துப் பற்றவைத்து, இருமிக்கொண்டே, மண்ணில் நட்டாள். புகை நேராக மேலே போனது. “இஸ்துக்கினான் பாரு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆத்தா செத்தபோது மகேஷுக்கு நாலு வயசு. இவள்தான் இடுப்பில் அவனையும் தலையில் கூடையையும் சுமந்து லஸ் வரைக்கும் தெருத்தெருவாக மீன் விற்று வளர்த்தாள். ஒரு வாய் கேட்டால் மூன்று வாய் ஊட்டுவாளாம். அவன் முதல் தடவை குடித்துவிட்டு வந்தபோது மோர் கரைத்துக் கொடுத்தவளும் இவள்தான். அவளை வெறுக்க எனக்கு ஆசைதான். முழுசாக முடியவில்லை.

வாழை இலை விரித்தார்கள். சுறாப்புட்டு, வஞ்சிரக் குழம்பு, பிரியாணி, அவித்த முட்டை, பாக்குப் பொட்டலம், மூடி திறந்த குவாட்டர். அன்புக்கரசி தலை நிமிராமல் பரிமாறினாள்.

“புள்ளைங்க கையால எதுனா வைங்க. அப்பதான் அவனுக்கு வயிறு ரொம்பும்” என்றாள் முத்துலட்சுமி.

கீர்த்தி பையின் ஜிப்பைத் திறந்தான். திருக்கை வாலை எடுத்தான். இரண்டாக மடங்கிக் கிடந்ததை நீட்டி, பிரியாணிக்கும் பாட்டிலுக்கும் நடுவில், இலை மேல் ஒழுங்காக வைத்தான். வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

“நைனாவுக்கு ரொம்ப புடிச்சது இதுதான அத்த?”

பையன் குறும்புக்குச் செய்யவில்லை. அப்பன் கையில் அவன் அதிகம் பார்த்த பொருள் அதுதான். சாராயத்தைவிட, சிகரெட்டைவிட, தன்னைவிட.

முத்துலட்சுமி பாய்ந்து அன்புக்கரசியின் கொண்டையைப் பிடித்தாள்.

“சொல்லிக்குட்த்து இஸ்துகினு வந்தியாடி? செத்தவன் சோத்து எலையில வெச்சி அசிங்கப்படுத்தறதுக்கு சொல்லிக்குட்த்தியா?”

“அண்ணி, மெய்யாலுமே எனக்குத் தெரியாது...”

“கொன்னது போதலயா உங்களுக்கு? வருச நெனப்பு நாளு அன்னிக்கிக்கூட நிம்மதியா துன்ன வுட மாட்டீங்களா?” தலையை மேட்டுச் செங்கல்லில் மோதினாள். ஒரு தரம், இரண்டு தரம். நெற்றி பிளந்து ரத்தம் மூக்கின் ஓரமாக இறங்கியது.

“அத்த, நீதான எடுத்துகினு வரச் சொன்ன!” என்று கீர்த்தி அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். திரும்பிப் பார்க்காமல் புறங்கையால் ஒன்று விட்டாள். பையன் சுருண்டு விழுந்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். நான் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். மஞ்சள் தண்ணி தெளித்த பித்தளைச் சொம்பை எடுத்து என் தோளில் அடித்தாள். எலும்பு போய்விட்டது என்றே நினைத்தேன். சட்டை கிழிந்து தொங்கியது. சண்முகவேல், “ஏய், ஏய்” என்றார், அவ்வளவுதான்.

மகன் வாயில் ரத்தத்தைப் பார்த்ததும் அன்புக்கரசிக்கு என்ன ஆனதோ. பதிமூன்று வருஷம் அடி வாங்கி, ஒரு தரமும் கையைத் தூக்காதவள். முத்துலட்சுமியின் இடுப்பில் தலையைக் கொடுத்து முட்டினாள். இரண்டு பேரும் மேட்டின் மேல் விழுந்தார்கள். அன்புக்கரசி அவள் முன்கையைக் கடித்தாள். விடவேயில்லை, நாய் பிடித்த மாதிரி. முத்துலட்சுமி அலறிக்கொண்டே முதுகில் குத்தினாள். இலை கிழிந்தது, குழம்பு மண்ணில் ஊறியது, பாட்டில் உடைந்து சாராய நெடி கிளம்பியது. உருண்ட வேகத்தில் மகேஷின் மேடு பாதி சரிந்தது. காகங்கள் அதற்குள் முட்டையைத் தூக்கிக்கொண்டு போயின.

“எம் புள்ள மேல கைய வெச்ச, கொன்னுடுவேன்! உன்னயும் இங்கியே பொதைச்சிடுவேன்!” அன்புக்கரசியின் குரலா அது? ஆட்டோவில் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள்.

ஏகாம்பரம் மண்வெட்டியோடு ஓடி வந்தார். “யம்மா, பொணத்து மேல உருளாதீங்கமா. எங்க பொயப்புலகூட இப்டி பாத்ததில்ல. ஏந்திரிங்க.” அவரும் நானும் ஆளுக்கொருத்தியைப் பிடித்து இழுத்தோம். இரண்டு பேரும் மேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். முத்துலட்சுமியின் முன்கையில் பல் பதிந்த இடம் கறுத்து வீங்கியது.

அவள் அதைத் துடைக்கவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து சூடத்தை எடுத்தாள். ஒரு செங்கல்லை இழுத்துப் போட்டு, அதன் மேல் வைத்துக் கொளுத்தினாள். கட்டிச் சூடம், விரல் உயரத்துக்கு எரிந்தது.

“வாடி. உங்கப்பன் மேல சத்தியம். பொய் சொன்னா அந்தக் கை அழுவி வுயுந்துடும்.”

“போவாதடி” என்றாள் அன்புக்கரசி.

தாரணி போனாள். இத்தனை அமளியிலும் அவள் தம்பியின் வாயைத் தன் பாவாடையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டிபோட்டு, உள்ளங்கையைச் சூடத்தின் மேல் வைத்து அழுத்தினாள். அடித்து எடுப்பார்கள், அதுதான் வழக்கம். இவள் எடுக்கவில்லை. விரலிடுக்கில் புகை வந்தது.

“நான் தள்ளல.”

“கைய எட்றி!” என்று கத்தினேன்.

“நான் தள்ளல அத்த. ஆனா எல்லாத்தயும் சொல்லணும்.” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “நான் கோடிக்கு ஓடி, செவுத்து ஓரமா குந்திட்டேன். அவரு வீசினாரு. வால் என் மேல படல. அந்த வேகத்துல அவரே போய்ட்டாரு. கம்பிய புடிச்சிகினு தொங்கினாரு. ஒரு கையி கம்பியில, ஒரு கையி என்னாண்ட நீட்டினாரு. கைய குடுன்னு கேட்டாரு. நான் குடுக்கல. ரெண்டு கையயும் பின்னால கட்டிகினேன். அவரு பாத்துகினே இருந்தாரு. நானும் பாத்துகினே இருந்தேன். கம்பி வளைஞ்சிது. போய்ட்டாரு.”

அப்போதுதான் கையை எடுத்தாள். உள்ளங்கை நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் வெளுத்துச் சுருண்டிருந்தது. சூடம் அணைந்து கரியாக ஒட்டியிருந்தது.

பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூடம் போகும் வழியில் என்னிடம் ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை. இதை வயிற்றில் வைத்துக்கொண்டா ஒரு வருஷமாக என் பின்சீட்டில் வந்தாள் என்று எனக்குத் தாங்கவில்லை. 

அன்புக்கரசி எழுந்து வந்தாள். நெற்றி ரத்தம் கண்ணில் இறங்கியிருந்தது.

“அண்ணி, அவள வுடுங்க. நான் கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன். நாலே அடி. அவரு தொங்கினத நானும் பாத்தேன். நானும் போவல. கால் வரல. வரலன்னு சொல்றதுகூடப் பொய். போவக்கூடாதுன்னு நின்னேன்.”

தாரணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“நீ பாத்தன்னு ஏன் சொல்லல?”

“அவரு தொங்கினது உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்டி. நீ கண்ண மூடிகினு இருந்தன்னு...”

“நான் ஒரு வருஷமா தூங்கல!” தாரணி எகிறி அம்மாவின் வயிற்றில் குத்தினாள். “நீ பாத்துகினு இருந்த! நான் ஒண்டிதான் கொன்னேன்னு நெனச்சிகினு இருந்தேன்! நீ பக்கத்துலயே படுத்துகினு இருந்த!” வெந்த கையாலேயே குத்தினாள். மார்பில், தோளில், கிழிந்த நெற்றியில். அன்புக்கரசி தடுக்கவில்லை. நானும் போய்ப் பிடிக்கவில்லை. அது அவளுக்குச் சேரவேண்டிய அடி என்று பட்டது. ஓய்கிறவரைக்கும் அடித்துவிட்டு, அதே அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குழந்தை ஊளையிட்டது.

முத்துலட்சுமி எழுந்தாள். கை ஓங்கினாள். அப்போது சண்முகவேல் வாயைத் திறந்தார்.

“எம்பது கிலோ ஆளு முத்து. இது இருபத்தஞ்சி கிலோ. கைய குட்த்திருந்தா இதையும் இஸ்துகினு போயிருப்பான். ரெண்டு மேடு ஆயிருக்கும். வுட்டுடு.”

புருஷன் பேசியதே அவளுக்கு அடி விழுந்த மாதிரி இருந்ததோ என்னவோ, ஓங்கிய கை இறங்கியது. சரிந்த மேட்டை, மண்ணில் கலந்த பிரியாணியை, அதன் நடுவே கிடந்த வாலைப் பார்த்தாள். அந்த மாதிரி வால் அவள் வீட்டிலும் தொங்குகிறது. அது எதற்கெல்லாம் உதவும் என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். மோர் கரைத்துக் கொடுத்தவளுக்கு எல்லாம் தெரியும்.

அப்படியே உட்கார்ந்து, மண்ணைக் கையால் ஒதுக்கி மேட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்காமல் கேட்டாள். குரலே மாறிப்போயிருந்தது.

“பாப்பா. கடைசியா இன்னா சொன்னான்? வுயும்போது எதுனா சொன்னானா? கேக்கறதுக்கு எனக்கு வேற யாரு கீறாங்க? சொல்லு கண்ணு.”

தாரணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள்.

“‘யக்கா’ன்னு கூப்ட்டாரு.”

“இன்னாது?”

“கம்பிய வுட்டப்போ. ‘யக்கா’ன்னு கத்துனாரு. ஒங்களதான்.”

முத்துலட்சுமி அன்புக்கரசியின் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை எதிரிக்குக்கூடக் காட்ட வேண்டாம்.

“ஆமா அண்ணி” என்றாள் அன்புக்கரசி. “எனக்கும் கேட்டுது.”

முத்துலட்சுமி மேட்டின் மேல் குப்புற விழுந்தாள். “கூப்ட்டியாடா! கூப்ட்டியாடா என் ராசா! மார்க்கெட்ல குந்திகினு இருந்தேனேடா, காதுல வுயலியேடா!” வாயில் மண் போனது. சண்முகவேல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினார். பஞ்சாயத்தும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. என்ன மிருகமாக இருந்தால் என்ன, சாகிறபோது வளர்த்தவளைக் கூப்பிட்டிருக்கிறானே என்று மகேஷின் மேல் முதல்முறையாக ஒரு பரிதாபம்கூட வந்தது.

ஏகாம்பரம் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து தாரணியின் கையில் ஊற்றினார். “டீக்கடையில ஐஸ் கேளு பாய்” என்றார். கேட்டு வாங்கி, என் தோள் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். வண்டியில் ஏறினோம்.

லஸ் போகும் வழியில் மெட்ரோ பள்ளத்தைச் சுற்றிவிட்டதில் வண்டிகள் நகரவில்லை. தகரம் அனலாகக் கொதித்தது. கீர்த்தி அம்மா மடியில் படுத்திருந்தான். உதடு ஊதி, பேச்சு குழறியது.

“நைனா அத்தைய மட்டும்தான் கூப்ட்டாரா? என்னிய கூப்டலியா?”

“கூப்ட்டாருடா” என்றாள் தாரணி. “ஒன்ன ரெண்டு தபா கூப்ட்டாரு.”

அவனுக்கு அது போதுமாக இருந்தது. அழுத களைப்பில் இரண்டு நிமிஷத்தில் தூங்கிப்போனான்.

பிறகு அன்புக்கரசி மெல்லக் கேட்டாள். நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் பின்னால் இருந்தது.

“அவரு யாரையும் கூப்டலியேடி.”

“தெரியும்.”

“என் காதுலயும் வுயுந்துது, அவரு இன்னா சொன்னாருன்னு.”

“‘கைய குட்றீ’ன்னுட்டு அந்தக் கெட்ட வார்த்த சொன்னாரு. எப்பவும் ஒன்ன சொல்வாரே, அது. அதான் கடைசி.” தாரணி துண்டைப் பிரித்துக் கையைப் பார்த்தாள். ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. “அத எப்டிமா அத்தகிட்ட சொல்றது? அவங்க அவ்ளோ ஆசையா கேக்கறாங்க.”

அன்புக்கரசி அந்தக் கையை எடுத்துத் தன் வாய்க்கு நேராக வைத்து ஊதினாள்.

“மா” என்றாள் தாரணி. “சூடம் அணைஞ்சதுக்கு அப்பாலதான சொன்னேன்? கை ஒண்ணும் ஆவாது இல்ல?”